ஊமத்தையும் கண் சொட்டும்: பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்கு ஒரு மருந்து வந்த வழி

சேலத்திலிருந்து ராசிபுரம், நாமக்கல் நோக்கி விரியும் சமவெளியில் ஊமத்தை முளைக்காத தரிசு இல்லை. கிணற்றுமேட்டிலும் குப்பைமேட்டிலும் கபரஸ்தான் சுவரோரத்திலும் அது தானாக வளர்ந்து, புனல் போன்ற வெள்ளைப் பூவும் முள் நிறைந்த காயுமாக நிற்கும். ஆடும் அதில் வாய் வைக்காது. அதைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதே என்று பிள்ளைகளைக் கண்டிப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் வழக்கம். அந்தக் கண்டிப்பில் அனுபவ அறிவு இருக்கிறது. ஊமத்தைச் சாறு கண்ணில் பட்டால் கண்மணி அகன்று, வெளிச்சம் கூசி, அருகிலுள்ள எழுத்து கலங்கிப் போகும்.

இந்தச் செடிக்கு லின்னேயஸ் சூட்டிய இலத்தீன் பெயர் 'டாட்டூரா மெட்டல்'. முற்பகுதி நம் நாட்டுச் சொல்லான 'தத்தூர'த்திலிருந்து வந்தது. பிற்பகுதி 'மாஸில்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. அரபு மருத்துவ நூல்களில் இதன் காய்க்கு 'ஜவ்ஸ் மாஸில்' என்று பெயர். ஒரு செடியின் பெயரிலேயே இந்தியாவும் அரபுலகமும் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

ஊமத்தையிலும் ஐரோப்பாவின் பெல்லடோனாச் செடியிலும் உள்ள நஞ்சு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. செடியில் ஹையோசயமின் என்னும் பொருளாக இருப்பது, பிரித்தெடுக்கும்போது அட்ரோபினாக மாறுகிறது. 1830களில் ஜெர்மன் மருந்தாளர்கள் இதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார்கள். கிரேக்கப் பழங்கதையில் மனிதனின் ஆயுள் நூலை அறுப்பவளாகச் சொல்லப்படும் அட்ரோபஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நம் வட்டாரத்தில் இந்தப் பெயர் வேறு வழியாகவும் பழக்கம். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால் அங்கே ஊசியாக ஏற்றப்படுவது அட்ரோபின்தான். ஓர் ஊசிக்குப்பியில் பொதுவாக 0.6 மில்லிகிராம் இருக்கும். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம், பின்னால் தேவைப்படும்.

இதே அட்ரோபின், மிகமிக நீர்த்த வடிவில், இன்று பிள்ளைகளின் கிட்டப்பார்வை ஏறாமல் தடுக்கும் இரவுச் சொட்டு மருந்தாக நம் ஊர்க் கண் மருத்துவர்களின் சீட்டுகளில் இடம்பெறுகிறது. 'கண்ணாடி கொடுத்தால் போதாதா? ஆண்டுக்கணக்கில் நஞ்சை ஏன் பிள்ளையின் கண்ணில் விட வேண்டும்?' என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு விடை இந்த மருந்தின் வரலாற்றில் இருக்கிறது.

கண்ணைப் பற்றிய அறிவு நம் முன்னோர் பேணிய செல்வங்களில் ஒன்று. அரபியில் கண் மருத்துவருக்கு 'கஹ்ஹால்' என்று பெயர். கண்ணுக்கு மை இடுபவர் என்பது அதன் வேர்ப்பொருள். 9-ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கண்ணைப் பற்றிப் பத்துக் கட்டுரைகள் எழுதினார். அவர் கிறிஸ்தவர், கலீஃபாக்களின் அவை அவரது அறிவைத்தான் பார்த்தது. பின்னர் வந்த அலீ இப்னு ஈஸா, ஏறத்தாழ 130 கண் நோய்களை விவரிக்கும் 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' என்னும் கையேட்டைத் தொகுத்தார். பல நூற்றாண்டுகள் கண் மருத்துவர்கள் அதைக் கையில் வைத்திருந்தார்கள். கெய்ரோவில் அம்மார் இப்னு அலீ அல்மவ்ஸிலீ உள்ளீடற்ற ஊசியால் கண்புரையை உறிஞ்சி எடுத்தார்.

இவர்கள் எல்லோரையும்விட நம் கட்டுரைக்கு நெருக்கமானவர் இப்னுல் ஹைஸம். பஸராவில் 965-ஆம் ஆண்டளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். ஏழு பாகங்கள் கொண்ட அவரது 'கிதாபுல் மனாழிர்', கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கருத்தை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று நிறுவியது. அந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572-இல் பாஸெல் நகரில் அச்சேறியது. அந்த மரபைப் படித்து வளர்ந்த கெப்ளர், கண்ணில் விழும் பிம்பம் விழித்திரையில் தலைகீழாக உருவாவதையும், கிட்டப்பார்வைக் கண்ணில் ஒளிக்கதிர்கள் விழித்திரைக்கு முன்னாலேயே கூடிவிடுவதையும் 1604-இல் விளக்கினார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிட்டப்பார்வைக்கு இப்னுல் ஹைஸம் மருந்து கண்டுபிடித்தார் என்ற செய்தி உங்கள் வாட்ஸ்அப்பிற்கு வந்தால் அதை அனுப்பி வைக்காதீர்கள். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. அவர் காலத்தில் மூக்குக்கண்ணாடியே கிடையாது. அவர் செய்ததே பெரிது. அதன்மேல் நாம் பொய்யை ஏற்ற வேண்டியதில்லை.

கிட்டப்பார்வை பெரும்பாலும் கண் நீண்டுபோவதால் வருவது. வளர்ந்தவரின் கண் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை 'மைனஸ் பவர்' ஏறும். கண்ணாடி ஒளியைத் திருத்திக் கொடுக்குமே தவிர நீளும் கண்ணைப் பிடித்து நிறுத்தாது. மைனஸ் ஆறைக் கடந்த கண்ணில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. நடுவயதில் விழித்திரை பிரிதல், பார்வை மையம் சிதைதல், கண் நீர் அழுத்தம் ஆகியவை அத்தகைய கண்களை மற்றவர்களின் கண்களைவிட அதிகமாகத் தாக்குகின்றன. அந்த இழப்பைக் கண்ணாடியால் ஈடுகட்ட முடியாது. ஏழு வயதில் மைனஸ் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கண் நீள இன்னும் பத்தாண்டுகள் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்திற்கும் கிட்டப்பார்வைக்கும் உள்ள உறவை முதன்முதலில் எண்ணிக்கையோடு காட்டியவர் ஹெர்மன் கோன். 1867-இல் இவர், இன்று போலந்தில் உள்ள பிரெஸ்லாவ் நகரிலும் சுற்றுக் கிராமங்களிலும் 10,060 மாணவர்களின் கண்களைச் சோதித்தார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு 1.4 பேருக்குக் கிட்டப்பார்வை. உயர்கல்விக்கு ஆயத்தம் செய்யும் பள்ளிகளில் நூற்றுக்கு 26.2 பேருக்கு! படிப்பு ஏற ஏறக் கண்ணும் நீண்டது.

நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. மதரஸா நடத்துவோர் கட்டாயம் அறிய வேண்டியது. ஜெருசலேம் பகுதி மாணவர்களிடையே நடந்த ஆய்வு 1993-இல் வெளியாயிற்று. யூத வேதப் பள்ளிகளில் நாள் முழுவதும், சிறு எழுத்து நூல்களை, முன்னும் பின்னும் ஆடியபடி ஓதும் ஆண்பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அதே சமூகத்துப் பெண்பிள்ளைகளில் அது 36. பொதுப்பள்ளி ஆண்பிள்ளைகளில் 27. பெண்பிள்ளைகளும் அதே குடும்பங்களில் பிறந்தவர்கள். ஆகவே இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்குப் பரம்பரையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ரேஹலின்மேல் குனிந்து, ஆடியபடி ஹிஃப்ளு செய்யும் நம் பிள்ளைகளின் கோலம் இதைப் படிக்கும்போது நம் கண்முன் வராமல் இருக்குமா?

இனி நம் சமவெளிக்கு வருவோம். நாமக்கல் 1997 ஜனவரியில்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதற்குள்ளாகவே முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடியாக விடுதிப் பள்ளிகளுக்கு அது பெயர் பெறத் தொடங்கியிருந்தது. தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வை 2006-07 காலத்தில் தமிழக அரசு சட்டம் இயற்றி நீக்கியது. அதன்பின் மருத்துவமோ பொறியியலோ, எதற்கும் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே வாயில். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரப் பள்ளிகளை நோக்கி மாநிலத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகள் வந்தார்கள். அதே 2007-இல்தான் பிற்படுத்தப்பட்டோருக்கான இடங்களில் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் கிடைத்தது. நம் வீட்டிலிருந்தும் ஒரு மருத்துவர் வரக்கூடும் என்ற நம்பிக்கை முதன்முறையாகப் பல குடும்பங்களுக்கு உண்டானது. நகையை அடகு வைத்து விடுதிக் கட்டணம் கட்டிய அத்தாக்களை நாம் அறிவோம்.

விடுதியின் நாள் விடியுமுன் தொடங்கி இரவு வெகுநேரம் கழித்து முடியும். விளையாட்டு வகுப்பு நேர அட்டவணையில் இருக்கும், மைதானத்தில் இருக்காது. 2017-இல் பொதுத்தேர்வு முடிவுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. அதே ஆண்டு மருத்துவச் சேர்க்கை நீட் தேர்வின்கீழ் வந்தது. பள்ளிகள் பயிற்சி மையங்களாகத் தம்மை மாற்றிக்கொண்டன. பிள்ளையின் நாள் மட்டும் மாறவில்லை. விடுதிக்குப் போகாத நம் பிள்ளைகளின் நாளும் இதற்குக் குறைந்ததன்று. ஃபஜ்ருக்குப் பின் மக்தப், பிறகு பள்ளி, மாலையில் ட்யூஷன், இரவில் கைபேசி. வாசிப்பைக் கட்டளையாகப் பெற்ற சமுதாயம் நாம். வாசிக்கும் கண்ணைக் காப்பதும் அந்தக் கட்டளையைச் சேர்ந்ததே என்பது நம் கருத்து.

மருந்தின் கதைக்குத் திரும்புவோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஐரோப்பியக் கண் மருத்துவர்கள் கிட்டப்பார்வைக்கு அட்ரோபினைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். அருகில் பார்க்கக் கண் எடுக்கும் முயற்சியே அதைக் கெடுக்கிறது. அந்தத் தசையை ஓய்வாக்கினால் கண் தப்பும் என்பது அவர்களது கணக்கு. ஆனால் 1 விழுக்காட்டு அட்ரோபின் ஒருமுறை விட்டால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் கண்மணி அகன்றே இருக்கும். வெயிலில் நிற்க முடியாது, புத்தகம் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி அளவு பார்க்குமுன் மூன்று நாள் மருந்து போட்டு வரச் சொல்வார்களே, அந்த அவஸ்தையை ஆண்டு முழுவதும் நீட்டினால் எப்படி இருக்கும்? மருந்து கைவிடப்பட்டதில் வியப்பில்லை.

அவர்களது கணக்கும் பிழை என்பது 1990களில் கோழிக்குஞ்சுகளால் தெரிந்தது. முட்டைக்குப் பெயர்போன மாவட்டத்தார் இதைக் கூடுதல் ஆர்வத்தோடு படிக்கலாம்! கோழியின் கண் தசை நம்முடையதைப் போன்றதன்று. அட்ரோபின் அதை ஓய்வாக்காது. ஆயினும் குஞ்சுகளின் கண்ணில் செயற்கையாக உண்டாக்கிய கிட்டப்பார்வையை அட்ரோபின் தடுத்தது. ஆக, மருந்து வேலை செய்வது தசையின் வழியாக அன்று. விழித்திரையிலோ கண்ணின் வெளிச்சுவரிலோ வேறு ஏதோ ஒரு வழியாக. அந்த வழியை ஆய்வாளர்கள் இன்றும் தேடுகிறார்கள்.

தேவை மிகுந்த நாடு சிங்கப்பூர். அங்கே பள்ளி முடிக்கும் இளைஞர்களில் ஏறத்தாழ ஐவரில் நால்வருக்குக் கிட்டப்பார்வை. அந்நாட்டு மருத்துவர்கள் 6 முதல் 12 வயதுவரையுள்ள 400 பிள்ளைகளைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்கு ஒரு கண்ணில் மட்டும் 1 விழுக்காட்டு அட்ரோபின். மற்றவர்களுக்கு மருந்தில்லாச் சொட்டு. 2006-இல் முடிவு வெளியாயிற்று. இரண்டாண்டில் மருந்தில்லாச் சொட்டு விட்ட கண்களில் சராசரியாக 1.20 டயாப்டர் ஏறியிருந்தது; மருந்து விட்ட கண்களில் 0.28 மட்டுமே.

மருந்து வேலை செய்கிறது என்பது உறுதியாயிற்று. கூச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சியது. அதே குழுவினர் அடுத்த ஆய்வில் 0.5, 0.1, 0.01 என மூன்று அளவுகளை ஒப்பிட்டார்கள். 0.01 விழுக்காட்டை அவர்கள் சேர்த்தது, அது வேலை செய்யாது என்ற எதிர்பார்ப்போடு, ஒப்பீட்டுக்காகத்தான். நடந்தது வேறு. மருந்தை நிறுத்திய மூன்றாம் ஆண்டில், 0.5 பெற்ற பிள்ளைகளுக்கு 0.87 டயாப்டர் விறுவிறுவென ஏறியது, 0.01 பெற்றவர்களுக்கு 0.28 தான். கூச்சமும் இல்லை, நிறுத்தியபின் பாய்ச்சலும் இல்லை. உலகெங்கும் மருத்துவர்கள் 0.01-ஐக் கையில் எடுத்தார்கள்.

எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டார்களா என்றால் இல்லை. ஹாங்காங்கில் 438 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2019-இல் வந்தது. ஓராண்டில் மருந்தில்லாதவர்களுக்கு 0.81 டயாப்டர் ஏறியபோது, 0.01 பெற்றவர்களுக்கு 0.59, 0.025 பெற்றவர்களுக்கு 0.46, 0.05 பெற்றவர்களுக்கு 0.27. அளவு சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் பலன் தெளிவாகிறது. அமெரிக்காவில் 187 பிள்ளைகளிடம் இரண்டாண்டு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, 0.01-க்கும் வெறும் சொட்டுக்கும் வேறுபாடே இல்லை என்றது. நம் நாட்டில் டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் முன்னின்று 100 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. அதில் 0.01 பெற்றவர்களுக்கு ஓராண்டில் 0.16, மருந்தில்லாதவர்களுக்கு 0.35. வேறுபாடு உண்டு, ஆனால் மருந்தில்லாத நம் பிள்ளைகளுக்கே ஏற்றம் சீனப் பிள்ளைகளின் வேகத்தில் இல்லை என்பதும் அதில் தெரிகிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது? இந்தச் சொட்டு ஏறிய பவரை இறக்காது. கண்ணாடியைக் கழற்ற வைக்காது. 'பவர் குறையும்' என்று யாரேனும் சொன்னால் அவர் மருந்தை அறியாதவர். அது ஏறும் வேகத்தைத் தணிக்கும். சில பிள்ளைகளுக்கு நன்றாக, சிலருக்குக் குறைவாக. சிறு வயதிலேயே, ஆண்டுக்கு அரை டயாப்டருக்கு மேல் ஏறும் பிள்ளைக்கும், பெற்றோர் இருவருமே தடித்த கண்ணாடி அணிந்திருக்கும் பிள்ளைக்கும் இதன் பயன் பெரிது. பதினாறு வயதில் ஏற்றம் நின்றுவிட்ட பிள்ளைக்கு இது தேவையில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவரையும், கருவி உள்ள இடத்தில் கண்ணின் நீளத்தையும் அளந்து பார்த்தால்தான் மருந்து பலிக்கிறதா என்பது புலப்படும். சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் திரும்பத் திரும்ப வாங்கிக்கொண்டே இருப்பது சிகிச்சையாகாது.

மேலே நினைவில் வைக்கச் சொன்ன ஊசிக்கணக்கு இங்கே வருகிறது. 0.01 விழுக்காட்டுச் சொட்டு ஒன்றில் ஏறத்தாழ 5 மைக்ரோகிராம் அட்ரோபின்தான் உண்டு. பழைய 1 விழுக்காட்டு மருந்தின் ஒரே சொட்டில் அதைப்போல் நூறு மடங்கு, அதாவது அரை மில்லிகிராம். கிட்டத்தட்ட ஓர் ஊசிக்குப்பி அளவு. இரண்டு குப்பிகளின்மேலும் அட்ரோபின் என்றே எழுதியிருக்கும். விலை மலிவு என்று 1 விழுக்காட்டை வாங்கி வீட்டில் நீர் கலந்து விடுவது பிள்ளையின் உயிரோடு விளையாடுவது. குப்பியில் உள்ள எண்ணையும் சீட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் எந்த அட்ரோபினும் அதன் கைக்கு எட்டக் கூடாது. முகம் சிவந்து, வாய் உலர்ந்து, காய்ச்சலும் படபடப்புமாகப் பிள்ளை பிதற்றினால் குப்பியையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

சொட்டைவிட மலிவான ஒன்றும் இந்த வரலாற்றில் உண்டு: பகல் வெளிச்சம். 2008-இல் வெளிவந்த ஆய்வு, ஆறேழு வயதுச் சீன வமிசப் பிள்ளைகளைச் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் ஒப்பிட்டது. சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 பேருக்கு. சிட்னிப் பிள்ளைகள் படித்தது குறைவில்லை. ஆனால் வாரத்துக்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூரில் 3 மணி நேரம். குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் வெளியில் வகுப்பு வைத்தார்கள். மூன்றாண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் நூற்றுக்கு 39.5 என்பது 30.4 ஆயிற்று. தைவான் அரசு நாளுக்கு 120 நிமிடம் என்று பள்ளிகளுக்கு இலக்கே வைத்தது. ஆனால் ஏற்கெனவே நீளத் தொடங்கிய கண்ணை வெளிச்சம் மட்டும் நிறுத்திவிடாது. வராமல் காப்பதில்தான் அதன் வலிமை.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத சேலத்தில் பிள்ளைகள் வெளிச்சத்துக்கு ஏங்குவது விந்தை. சித்திரை நண்பகலில் யாரும் வெளியே போக வேண்டாம். ஃபஜ்ருக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் மரநிழலில் கிடைக்கும் வெளிச்சமே அறைவிளக்கைவிடப் பன்மடங்கு அதிகம். மக்தபின் ஒரு பாடத்தைப் பள்ளிவாசல் முற்றத்தில் நடத்த எந்த ஜமாஅத்துக்கும் தனி நிதி தேவைப்படாது. ஹிஃப்ளு மதரஸாக்களில் அஸர் முதல் மஃரிப் வரை பந்தாட விடும் உஸ்தாதுகள் உண்டு. அந்த நேரத்தை 'வீண்' என்று பெற்றோர் குறை சொல்வதும் உண்டு. குறை சொல்வோர் ஜெருசலேம் எண்களை மறுபடி படிக்கட்டும். பெண்பிள்ளைகளைப் பத்து வயதிலேயே வீட்டுக்குள் நிறுத்திவிடும் குடும்பங்களுக்கும் மொட்டை மாடி ஒன்று இருக்கிறது.

பெண்பிள்ளைகளைப் பற்றி இன்னொன்று. கண்ணாடி போட்டால் வரன் தள்ளிப்போகும் என்று பயந்து, கரும்பலகை தெரியாமலே மகளை வகுப்பில் உட்கார வைக்கும் தாய்மார்கள் இன்றும் உண்டு. பவரைக் குறைத்துக் கொடுத்த கண்ணாடி கண் நீள்வதைத் தடுக்காது. அதை விரைவுபடுத்தக்கூடும் என்பதே ஆய்வுகள் கண்டது. அந்த மகளுக்கு முழு அளவுக் கண்ணாடி வேண்டும். சொட்டு மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். 'சுர்மா போட்டால் சரியாகும்' என்போருக்கும் ஒரு சொல். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பரிந்துரைத்தது இஸ்மித். இன்று அந்தப் பெயரில் விற்பனையாகும் பலவற்றில் இருப்பது ஈயச் சல்ஃபைடு. ஈயம் பிள்ளைகளின் மூளைக்குக் கேடு. சுன்னத்தின்மீதுள்ள அன்பு ஈயத்தை வாங்கச் சொல்லவில்லை.

ரமளான் வந்தால் எழும் கேள்விக்கும் விடை சொல்லிவிடுவோம். சேலம், நாமக்கல் பகுதியில் நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் கண்ணில் இடும் மருந்தால் நோன்பு முறியாது. தொண்டையில் சுவை தெரிந்தாலும் முறியாது. ஷாஃபிஈ மத்ஹபின் நிலையும் முறியாது என்பதே. மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளில் தொண்டையை எட்டினால் முறியும் என்ற கருத்து உண்டு. ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1997-இல், தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் தவிர்த்தால் கண் சொட்டால் நோன்பு முறியாது என்று தீர்மானித்தது. பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையுமில்லை. இதற்கெல்லாம் மேலாக, இந்த மருந்தை விடும் நேரமே இரவு. தராவீஹ் முடிந்து பிள்ளை படுக்கும்போது கண்ணுக்கு ஒரு சொட்டு. விட்டபின் மூக்கோரத்துக் கண் மூலையை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்குவதும் குறையும். விடுதியிலோ மதரஸாவிலோ தங்கும் பிள்ளையாயின், குப்பியையும் மருத்துவர் சீட்டின் நகலையும் வார்டனிடமோ உஸ்தாதிடமோ கையில் ஒப்படைத்து, இஷாவுக்குப் பின் சொட்டு விடும் பொறுப்பு யாருடையது என்பதைப் பெயர் சொல்லிக் கேட்டு வர வேண்டும்.